தட்டையான பல் நோயல்ல: வாசகர் கேள்விகள்

கே: வயது 45. கடைவாய்ப் பற்கள் மழுங்கித் தட்டையாகிவிட்டன. வலியோ கூச்சமோ இல்லை. எல்லாவற்றுக்கும் உறை போட்டுவிடலாமா?

ப: வலியில்லை, கூச்சமில்லை என்று நீங்களே எழுதிவிட்டு உறையா! பாடப்புத்தகப் படத்தில் இருக்கும் கூரிய மேடுகள் புதிதாய் முளைத்த பல்லுக்கு உரியவை. வேட்டையாடி வாழ்ந்தவர்களின் மண்டையோடுகளில் நடுவயதுக்காரர் பல்லைப் பாருங்கள்: மேடு இருக்காது, எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டின் பழுப்பாய்த் தெரியும். தேய்வு மெதுவாக நடந்தால் உள்ளே புது டென்டின் படிந்து, பல்லின் நடுவில் நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள பற்கூழைக் காக்கும். பல்லும் சிறிது சிறிதாக எழும்பி எதிர்ப்பல்லைத் தொட்டுக்கொள்ளும். தட்டை என்றாலே நோய் என்று எழுதிக்கொடுப்பவர்களோடு எனக்குப் பல வருடச் சண்டை. உறைக்காக மேற்பரப்பில் 2 மில்லிமீட்டர் வரை செதுக்குவார்கள். சோறும் சப்பாத்தியும் நாற்பது வருடத்தில் தின்னாத எனாமலை எந்திரம் அரை மணியில் தின்றுவிடும். ஆனால் பல் கிண்ணம்போலக் குழிந்திருந்தால் அமிலத்தைச் சந்தேகியுங்கள். குளிர்பானப் பழக்கத்தையும் நெஞ்செரிச்சலையும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

கே: ஈறோரத்தில் ஆப்பு வடிவப் பள்ளம். ஏன்?

ப: பழங்கால மண்டையோடுகளில் பல் எவ்வளவு தேய்ந்திருந்தாலும் இந்தப் பள்ளம் அரிது. அவர்களிடம் டூத் பிரஷும் இல்லை, கோலாவும் இல்லை. மென்மையான பிரஷ், மென்மையான கை. புளிப்பு சாப்பிட்ட உடனே பல் துலக்காதீர்கள்.

கே: மகனுக்கு ஞானப் பல் முளைக்க இடமில்லை. அந்தக் காலத்தில் எப்படி இருந்தது?

ப: மகனுக்கு வயது என்ன, எக்ஸ்ரே எடுத்தீர்களா என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். கரடுமுரடான உணவில் பற்கள் பக்கவாட்டிலும் தேயும். வரிசை முன்னோக்கி நகர்ந்து பின்னால் இடம் பிறக்கும். ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் பற்களை ஆராய்ந்த பல் சீரமைப்பு மருத்துவர் பெக் 1954இல் இதை விரிவாக எழுதினார். பல்லைப் பிடுங்கி இடம் உண்டாக்குவதற்கும் இதையே நியாயமாகக் காட்டினார். மென்று வளராத தாடை சிறுத்துப்போவதும் காரணம் என்பது இன்றைய பேச்சு. எதுவானாலும் உப்புத்தாள் வைத்துத் தேய்த்துக் கொடுக்காதீர்கள். அப்படியும் ஒருவர் கேட்டிருக்கிறார்.

கே: பல்குச்சி பயன்படுத்தலாமா?

ப: அழிந்துபோன பழைய மனித இனமான நியாண்டர்தால்கள் பல்லிடுக்கில் குச்சி விட்டு விட்டுப் பள்ளமே பறித்துவைத்திருக்கிறார்கள். அளவோடு.

கே: எகிப்தியர் மண் கலந்த ரொட்டி தின்றும் பல்லோடு வாழ்ந்தார்களே, செங்கல் பொடியில் துலக்கினால் என்ன?

ப: அந்த மண்ணால் பற்கூழ் வரை தேய்ந்து, சீழ் கட்டி அவதிப்பட்டவர்களின் மம்மிகளைப் பார்க்கவில்லையா? செங்கல்லில் குவார்ட்ஸ் உண்டு, அது எனாமலைவிடக் கடினம். வேண்டாம்.