ஆட், கமிட், புஷ் தாண்டி, தினசரி வேலைக்கு உதவும் கிட் கமாண்டுகள் எவை?

சென்னை ஓஎம்ஆரில் ஒரு நிறுவனத்தில் பழைய ஜாவா புராஜெக்டைப் பராமரிக்கிறேன். அதை எழுதியவர்களில் பலர் பேப்பர் போட்டுப் போய்விட்டார்கள். அதனால் கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில், கோடின் வரலாற்றைத் தோண்டிப் பார்க்கும் கமாண்டுகள்தான் எனக்கு முக்கியம். அவற்றைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பது என் வருத்தம்.

எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டியது 'கிட் லாக் -எஸ்'. எஸ் பெரிய எழுத்து. பக்கத்தில் ஒரு ஃபங்ஷன் பெயரைக் கொடுத்தால், அது கோடில் எத்தனை இடத்தில் வருகிறது என்ற எண்ணிக்கை எந்தெந்த கமிட்டில் (பதிந்து வைத்த மாற்றத்தில்) மாறியதோ, அவற்றை மட்டும் காட்டும். ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவரைக் காட்டும் 'கிட் பிளேம்' இருக்கிறதே என்பீர்கள். பிளேம் இப்போது இருக்கும் வரியை மட்டுமே பார்க்கும். கடைசியாகத் தொட்டவர் வெறும் இடைவெளியைச் சரிசெய்தவராகக்கூட இருக்கலாம். நீக்கிய வரியைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. "இந்த வேலிடேஷனை யார், எதுக்கு எடுத்தாங்க?" என்று மீட்டிங்கில் கேள்வி வந்தால் -எஸ்ஸிடம்தான் போக வேண்டும். கூடவே சிறிய எழுத்தில் -பி (p) சேர்த்தால், மாற்றிய வரிகளும் தெரியும்.

அடுத்தது 'கிட் பைசெக்ட்'. போன ரிலீஸில் ஓடியது, இப்போது ஓடவில்லை என்றால் நல்ல கமிட் ஒன்றையும் கெட்ட கமிட் ஒன்றையும் சொல்லுங்கள். நடுவில் இருப்பதை எடுத்துக் கொடுத்து, தேட வேண்டியதைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே வரும். 1000 கமிட் இருந்தாலும் சுமார் 10 சோதனையில் பிழை நுழைந்த இடம் தெரிந்துவிடும். டெஸ்ட் ஸ்கிரிப்ட் இருந்தால் 'பைசெக்ட் ரன்' அதையும் தானே ஓட்டிப் பார்த்துக்கொள்ளும். முடிந்ததும் 'பைசெக்ட் ரீசெட்' கொடுத்துப் பழைய இடத்துக்குத் திரும்பிவிடுங்கள்.

கோடைப் பழைய கமிட்டுக்கு முழுதாகத் திருப்பும் ஹார்ட் ரீசெட்டில் கமிட் காணாமல் போனால், இதற்கு முன் எந்தெந்த கமிட்டில் இருந்தீர்கள் என்று காட்டும் 'கிட் ரீஃப்ளாக்' பாருங்கள். வழக்கமான அமைப்பில் 30 நாளாவது அந்தப் பதிவு இருக்கும். கமிட் செய்யாத மாற்றங்களை மட்டும் அதனால் மீட்க முடியாது.

அப்புறம் 'கிட் வொர்க்ட்ரீ'. 2015-இல் 2.5 பதிப்பில் வந்தது, இன்னமும் பலர் பாதி வேலையைத் தற்காலிகமாக ஒதுக்கி வைக்கும் ஸ்டாஷிலேயே தடுமாறுகிறார்கள். பாதி வேலையில் புரொடக்‌ஷன் பிழை வந்தால், 'வொர்க்ட்ரீ ஆட்' கொடுத்து வேறொரு ஃபோல்டரில் இன்னொரு பிராஞ்சை (கோடின் தனிக் கிளையை) திறக்கலாம். கையில் இருக்கும் வேலையைத் தொடவே வேண்டாம். முழு புராஜெக்டையும் மறுபடி நகலெடுக்கவும் (குளோன்) தேவையில்லை. ஆனால் கிட்டில் சேர்க்காத பில்ட் ஃபைல்கள் புது ஃபோல்டருக்கு வராது, அங்கே ஒருமுறை பில்ட் செய்ய வேண்டும். வேலை முடிந்ததும் 'வொர்க்ட்ரீ ரிமூவ்' கொடுங்கள். ஃபோல்டர் போகும், பிராஞ்ச் அப்படியே இருக்கும்.