ஸ்பானிஷ் டீச்சரை அனுப்பிட்டா ரீடிங் மார்க் ஏறிடுமா?

கேள்வி: சார், நாங்க அமெரிக்கால இருக்கோம். பையன் படிக்கிற பப்ளிக் எலிமெண்ட்ரி ஸ்கூல்ல அடுத்த வருஷத்துல இருந்து ஸ்பானிஷ் க்ளாஸை நிறுத்தப் போறாங்க, பட்ஜெட் பத்தலயாம். எனக்கும் அது சரின்னுதான் படுது. வாரத்துக்கு ஒரு தடவை அரைமணி நேரம், மூணு வருஷமா போறான், கலர் பேரும் ஒண்ணுலேர்ந்து இருபது வரைக்கும் எண்றதும் தவிர ஒண்ணும் வரல. வீட்ல தமிழ், ஸ்கூல்ல இங்கிலீஷ், இதுல மூணாவது ஒண்ணு வந்தா குழம்பிட மாட்டானா? அந்தக் காசை ரீடிங்குக்கும் மேத்ஸுக்கும் போடட்டும், ஸ்பானிஷை ஹைஸ்கூல்ல படிச்சுக்கலாமே? (ஒரு வாசகி)

பதில்: வாரத்துக்கு அரைமணி நேரத்துல ஒண்ணும் வரலங்கறீங்க, சரி, வராதுதான். ஆனா அதுக்காக க்ளாஸையே தூக்கிடலாம்னு சொல்றீங்க பாருங்க, அதைத்தான் என்னால ஒத்துக்க முடியல.

கணக்கு போட்டுப் பாருங்க. அங்க ஸ்கூல் வருஷம்னா சுமார் 180 நாள், அதாவது 36 வாரம். வாரம் அரைமணின்னா வருஷத்துக்கு 18 மணி நேரம், கிண்டர்கார்டன்லேர்ந்து அஞ்சாவது வரைக்கும் ஒரு நாள் விடாம போனாலும் மொத்தம் 108. வெளிநாட்டுக்குப் போற அதிகாரிங்களுக்கு மொழி சொல்லிக் கொடுக்குற, அமெரிக்க அரசோட ஃபாரின் சர்வீஸ் இன்ஸ்டிட்யூட், ஸ்பானிஷை வேலைக்கு ஆகற அளவுக்குப் பேச சுமார் 600லேர்ந்து 750 மணி நேரம் க்ளாஸ் வேணும்னு கணக்கு வச்சிருக்கு, அதுவும் அதையே முழுநேர வேலையா படிக்கிற பெரியவங்களுக்கு. இப்ப அதே அரைமணியை தினம் வைங்க. வருஷத்துக்கு 90, ஆறு வருஷத்துல 540. ஹைஸ்கூல்ல பாத்துக்கலாம்னா, தினம் 50 நிமிஷம் வச்சு ரெண்டு வருஷம் படிச்சாலும் 300 மணி நேரத்தோட நின்னுடும், பல பசங்க அந்த ரெண்டு வருஷத்தோட விட்டுடவும் செய்றாங்க.

அந்த டீச்சர் நிலைமையையும் கொஞ்சம் யோசிங்க. நிறைய ஸ்கூல்ல அவங்களுக்கு தனி ரூமே கிடையாது. படக்கார்டு, புத்தகம், ஸ்பீக்கர் எல்லாத்தையும் சக்கரம் வச்ச ஒரு கார்ட்ல அடுக்கி காரிடார்ல தள்ளிக்கிட்டு க்ளாஸ் க்ளாஸா போவாங்க. உள்ள போயி போர்டுல ஒரு ஓரமா இடம் பிடிச்சு, பசங்க மேத்ஸ் நோட்டை மூடி வச்சுட்டு தரையில வந்து உக்கார்றதுக்குள்ள அஞ்சு நிமிஷம் போயிடும். க்ளாஸ் இருக்கற கிழமையில ஒரு லீவு விழுந்தா ரெண்டு வாரம் கேப், மறுபடி கலர்லேர்ந்து ஆரம்பிக்கணும். இந்த நிலைமையில உங்க பையனுக்கு இருபது வரைக்கும் வந்திருக்குன்னா அந்தம்மா நல்லாத்தான் சொல்லிக் கொடுத்திருக்காங்க, அவங்களைப் போயி வேலையை விட்டு அனுப்புறது எனக்கு மனசே ஆறல.

சின்ன வயசுல மொழி தானா ஒட்டிக்கும்னு சிலர் சொல்றதும் முழு உண்மை இல்ல. நேரம் கம்மியா கொடுத்தா பெரிய பசங்கதான் வேகமா பிடிக்கிறாங்க, பார்சிலோனாவுல வருஷக்கணக்கா பண்ணின ஆராய்ச்சியிலயும் அதான் வந்துச்சு. சின்ன வயசுல ஆரம்பிக்கறதோட லாபமே நிறைய வருஷம் கையில இருக்குங்கறதுதான். அந்த வருஷங்களை வாரத்துக்கு அரைமணியா கிள்ளிக் கொடுத்துட்டு அப்புறம் ரிசல்ட் எங்கன்னு கேட்டா எப்படிங்க?

குழம்பிடுவான்னு பயப்படவே வேண்டாம். ஒரு வாக்கியத்துல ரெண்டு மொழி கலக்கறது ரெண்டு மொழி தெரிஞ்ச எந்தக் குழந்தையும் செய்றதுதான், அது குழப்பம் இல்ல, எந்த ஆள்கிட்ட எந்த மொழில பேசணும்னு அவங்களுக்கு ரொம்ப சீக்கிரமே தெரிஞ்சிடும். உங்க பையன் வீட்ல உங்ககிட்டயும் ஸ்கூல்ல டீச்சர்கிட்டயும் இப்பவே அதைத்தான பண்றான்?

இனி ரீடிங், மேத்ஸ் விஷயத்துக்கு வருவோம். 2002 ஜனவரில நோ சைல்ட் லெஃப்ட் பிஹைண்ட் சட்டம் கையெழுத்தாச்சு, அதுக்கப்புறம் மூணாவது முதல் எட்டாவது வரைக்கும் வருஷா வருஷம் ரீடிங், மேத்ஸ் டெஸ்ட், அதுல மார்க் வரலன்னா ஸ்கூலுக்குத் தலைவலி. அதனால டெஸ்ட்ல இல்லாத எல்லாத்தையும் ஓரங்கட்டிட்டாங்க. சென்டர் ஃபார் அப்ளைடு லிங்குவிஸ்டிக்ஸ்ங்கற மொழி ஆராய்ச்சி அமைப்பு எடுத்த சர்வேல, வேற்றுமொழி சொல்லிக் கொடுக்குற பப்ளிக் எலிமெண்ட்ரி ஸ்கூல் 1997ல 24 சதவீதம், 2008ல 15 சதவீதம். பிரைவேட் ஸ்கூல்ல 53லேர்ந்து 51, அவ்ளோதான் குறைஞ்சது. இந்த ரெண்டு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. ஃபீஸ் கட்டக்கூடியவங்க பசங்களுக்கு மொழி கிடைக்குது, கட்ட முடியாதவங்க பசங்களுக்கு பட்ஜெட் பத்தலன்னு பதில் கிடைக்குது. எனக்கு இதுலதான் கோவமே வருது, பப்ளிக் ஸ்கூல்னு ஒண்ணு வச்சதே இப்படி ஆகக் கூடாதுன்னுதான?

மொழியை எடுத்துட்டா ரீடிங் ஏறும்ங்கறதுக்காவது ஆதாரம் இருக்கான்னு பாத்தா, ஓரிகன் மாநிலத்து போர்ட்லாண்ட்ல ராண்ட்ங்கற ஆராய்ச்சி நிறுவனம் பண்ணின ஆய்வு நேர் எதிரா சொல்லுது. அங்க ட்யூயல் லாங்குவேஜ் இம்மர்ஷன்ல, அதாவது பாடங்களையே ரெண்டு மொழில நடத்தற க்ளாஸ்ல, இடத்தை குலுக்கல் முறையில கொடுக்கறாங்க, அதனால இடம் கிடைச்ச பசங்களையும் கிடைக்காத பசங்களையும் நியாயமா ஒப்பிட முடிஞ்சுது. இடம் கிடைச்சவங்க அஞ்சாவதுல இங்கிலீஷ் ரீடிங்ல சுமார் ஏழு மாசம் முன்னாடி, எட்டாவதுல சுமார் ஒன்பது மாசம் முன்னாடி. மேத்ஸ்ல நஷ்டமும் இல்ல. இது இம்மர்ஷனுக்கு வந்த ரிசல்ட், வாரம் அரைமணிக்கு இது வராது, அதையும் சொல்லிடறேன்.

காசு இல்லன்னு சொல்றவங்க யூட்டாவைப் பாக்கட்டும். அது தாராளமா செலவு பண்ற மாநிலம் இல்ல. 2008ல சட்டம் போட்டு இந்த இம்மர்ஷனை ஆரம்பிச்சாங்க. தினமும் பாதி நேரம் ஒரு டீச்சர் இங்கிலீஷ்ல, மீதி நேரம் இன்னொரு டீச்சர் ஸ்பானிஷ்லயோ சைனீஸ்லயோ ஃப்ரெஞ்ச்லயோ, ரெண்டு செட் பசங்க நடுவுல மாறிக்குவாங்க. ரெண்டு க்ளாஸுக்கு எப்படியும் ரெண்டு டீச்சர் வேணும், அதே ரெண்டு சம்பளத்துலயே மொழியும் உள்ள வந்துடுச்சு. புத்தகம், ட்ரெயினிங்னு கொஞ்சம் கூடுதல் செலவு உண்டுதான், ஆனா ஸ்பெஷல் டீச்சர்னு தனியா ஒரு பதவி வேண்டியதில்ல.

அதனால ஸ்கூல் பட்ஜெட்டை முடிவு பண்ற ஸ்கூல் போர்டு ஓட்டுப் போடறதுக்கு முன்னாடி மீட்டிங்ல பேச பெத்தவங்களுக்கு நேரம் கொடுப்பாங்க இல்லையா, அங்க எழுந்து நின்னு கேளுங்க. அந்த டீச்சரை அனுப்பினா நிஜமா எவ்ளோ மிச்சம்? ஏன்னா பசங்க ஸ்பானிஷ் க்ளாஸ்ல இருக்கற அரைமணிதான் பல ஸ்கூல்ல க்ளாஸ் டீச்சருக்கு பிளானிங் டைம், அந்த நேரம் பசங்களைப் பாத்துக்க வேற யாருக்காவது சம்பளம் கொடுத்துத்தான் ஆகணும், அதைக் கழிச்சாச்சான்னு கேளுங்க. மிடில் ஸ்கூல்ல ஸ்பானிஷை விட்ட இடத்துலேர்ந்து தொடருவாங்களா, இல்ல மறுபடி ஒண்ணு ரெண்டு மூணுலேர்ந்தான்னு கேளுங்க. யூட்டா மாதிரி ஒண்ணாவதுல ரெண்டே ரெண்டு செட் பசங்களோடயாவது ஆரம்பிச்சுப் பாக்க முடியுமான்னும் கேளுங்க. தனியா போகாதீங்க, இன்னும் நாலஞ்சு அம்மா அப்பாவைக் கூட்டிக்கிட்டுப் போங்க, வீட்ல ஸ்பானிஷ் பேசறவங்களும் அதுல இருக்கட்டும்.