தேரூர் குளத்தில் பறவை பார்க்க 8×42 பைனாகுலர் வாங்கவா, 10×50 வாங்கவா?

8×42 வாங்குங்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது; அடுத்தது முன் லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். 10×50 இன்னும் நெருக்கமாகக் காட்டும், சரி. ஆனால் எடை கூடுதல். கை நடுக்கமும் பத்து மடங்காகத் தெரியும். ஆரல்வாய்மொழிக் காற்றில் நின்று பார்த்தால் மஞ்சள்மூக்கு நாரை ஒரு நிலையில் நிற்காது.

42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25 மி.மீ. கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் அது. கீரிப்பாறைக் காட்டு நிழலில், விடியற்காலையில், இதுதான் கைகொடுக்கும். பாக்கெட்டில் அடங்கும் 8×25-இல் 3 மி.மீ. சொச்சம்தான், இருட்டில் நிறமே பிடிபடாது.

அப்புறம், மணக்குடிக் கழிமுகத்துக்கும் போவீர்கள் என்றால் உள்ளே ஆவி படியாதபடி நைட்ரஜன் வாயு நிரப்பிய, தண்ணீர் புகாத மாடலே வேண்டும். உப்புக்காற்று பட்ட லென்ஸை உலர்ந்த துணியால் தேய்க்கவே தேய்க்காதீர்கள். தூசியை முதலில் ஊதித் தள்ளிவிட்டு, லென்ஸ் திரவம் நனைத்த மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள்.