தற்சார்பும் வாஷிங் மெஷினும்

அன்புள்ள ஐயா,

நானும் மனைவியும் கோவையில் வேலை பார்க்கிறோம். ஒரு குழந்தை. எளிமையாக, தற்சார்பாக வாழவேண்டும் என்று ஒரு வருடமாக முயன்று வருகிறேன். வாஷிங் மெஷினை விற்றுவிட்டேன். சோப்புத்தூளுக்குப் பதில் பூந்திக்கொட்டை. கிரைண்டரையும் கொடுத்துவிட்டு ஆட்டுக்கல் வாங்கிப் போட்டேன். ஆரம்பத்தில் மனைவியும் ஆர்வமாகத்தான் இருந்தாள். இப்போது "உங்க தற்சார்பு எனக்கு ரெட்டை வேலை" என்கிறாள். அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

க., கோவை

அன்புள்ள க.,

விற்றதும் வாங்கியதும் நீங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். துவைப்பது யார், ஆட்டுவது யார் என்று எங்கும் எழுதவில்லை. உங்கள் மனைவி சொன்ன அந்த ஒரு வரியில்தான் அது தெரிகிறது. அவர் சொல்வதை நீங்கள்தான் புரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

அம்மா ஆட்டுக்கல்லில் மாவாட்டுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஒரு கை குழவியைச் சுற்றும். இன்னொரு கை, விரல் நசுங்காமல், மேலேறி வரும் மாவைக் குழிக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். உளுந்து தனி, அரிசி தனி. நாங்கள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ரவிக்கை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருக்கும். வீட்டுக்கு கிரைண்டர் வந்த அன்று அம்மா அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிட்டாள். அந்த கிரைண்டர் உருவானதும் உங்கள் கோவையில்தான். அதை ஆடம்பரம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

எளிய வாழ்க்கை என்றதும் நாம் காந்தியிடம்தான் போகிறோம். போவோம். 1898இல் டர்பன் வீட்டில், தங்கியிருப்பவர்களின் கழிவுச்சட்டிகளை நாமே எடுக்க வேண்டும் என்று வைத்திருந்தார். கஸ்தூர்பா ஒருநாள் கண்ணீரோடு சட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். செய்தால் போதாது, சிரித்த முகத்தோடு செய்ய வேண்டும் என்று கோபப்பட்டு அவர் கையைப் பிடித்து வாசல்வரை இழுத்துப் போனார் காந்தி. "உங்களுக்கு வெட்கமாக இல்லையா" என்று கஸ்தூர்பா கேட்ட பிறகுதான் நிதானத்துக்கு வந்தார். சத்திய சோதனையில் அவரே இதை எழுதியிருக்கிறார். அதே புத்தகத்தில் இன்னொன்றும் இருக்கிறது. சலவைச் செலவு அதிகம் என்று காலரைத் தானே துவைத்துக் கஞ்சி போட்டு கோர்ட்டுக்குப் போகிறார். கஞ்சி அதிகமாகி உதிர்கிறது, சக வக்கீல்கள் சிரிக்கிறார்கள், அவர் கவலைப்படவில்லை. தன் காலரைத் தானே துவைத்த அந்தக் காந்தியைத்தான் நான் பின்பற்றப் பார்க்கிறேன்.

1924இல் இயந்திரங்களைப் பற்றிக் கேட்டபோது சிங்கர் தையல் மெஷினை அவர் விதிவிலக்காகச் சொன்னார். மனைவி கையால் தைத்துத் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்து, அவள்மேல் இருந்த அன்பால் சிங்கர் அதைச் செய்தார் என்பது அவர் சொன்ன காரணம்.

அதனால் வாஷிங் மெஷினைத் திரும்ப வாங்குங்கள். கிரைண்டரும்தான். செகண்ட் ஹேண்டாக இருந்தால் போதும்.

அப்புறம் உங்கள் பங்கு. சட்டைப் பொத்தான் தைக்கத் தெரியுமா? குழாய் சொட்டினால் மெயின் வால்வை மூடிவிட்டு, ஸ்பானரால் தலையைக் கழற்றி, தேய்ந்த வாஷரை எடுத்துப் புதிது போடத் தெரியுமா? நாற்பது வயதில்தான் நான் அதைக் கற்றேன். அன்றிரவு சொட்டும் சத்தம் இல்லாமல் படுத்தபோது வந்த நிம்மதி இன்னும் நினைவிருக்கிறது.

ஆட்டுக்கல்லை விற்க வேண்டாம், இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்களே நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து ஊறப்போடுங்கள். மத்தியானம் நீங்களே உட்கார்ந்து ஆட்டுங்கள். உளுந்துக்குத் தண்ணீரை மொத்தமாக ஊற்றாமல் தெளித்துத் தெளித்து விட வேண்டும். ஒரு துளி மாவைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும், அதுதான் பதம். முடிந்ததும் கல்லைக் கழுவி வைப்பதும் நீங்கள்தான். ஒரு மாதம் செய்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.