பேச ஆளே இல்லாத மொழியின் உச்சரிப்பைப் படித்து என்ன பிரயோஜனம்?

வீட்டில் யாரோ உங்களைக் கேட்டு, பதில் வராமல் இங்கே கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் இதே கேள்வியில் மாட்டியவன்தான்.

மொழியியல் எம்.ஏ.வில் கருத்தரங்குக்கு ஷிங்கா மொழிகளை எடுத்தேன். மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவின் தென்கிழக்கில் குவாசகபான், சிக்கிமுலியா ஊர்ப் பக்கம் பேசப்பட்ட சின்ன மொழிக் குடும்பம். கடைசியாக மிஞ்சியிருந்த பெரியவர்களிடம் உட்கார்ந்து 1970களில் லைல் கேம்பல், டெரன்ஸ் காஃப்மன் என்ற மொழியியலாளர்கள் பதிவு செய்தார்கள்.

ஷிங்காவில் உயிரொலிகள் ஆறு. ஐந்து நமக்குப் பழக்கமானவை. ஆறாவதுக்கு, 'பாட்டு' என்று சாதாரணமாகச் சொல்லிப் பாருங்கள். கடைசியில் உதடு குவியாமல் ஓர் உகரம் வருகிறதே, கிட்டத்தட்ட அது. நம் குற்றியலுகரம் அரை மாத்திரையில் அடங்கிவிடும். அங்கே அது முழு உயிர், நெடிலும் உண்டு. அப்புறம், தொண்டையை அடைத்துச் சொல்லும் மெய்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு 'க்' என்றால் 'டக்' என்று தெறிக்கும். ம, ன, ல, ர எல்லாவற்றுக்கும்கூட இப்படித் தொண்டை அடைத்த ஜோடி உண்டு! 'ல்' சொல்ல நாக்கை வைத்து, குரல் கொடுக்காமல் காற்றை மட்டும் சீறவிடும் மெய்யும் ஒன்று.

பத்து ராத்திரி இதே வேலை. ஒருநாள் அம்மா சொம்போடு வந்து நின்றார். "விக்கலாடா? யாரோ நினைக்கிறாங்க, தண்ணி குடி."

கருத்தரங்கில் ஒரு பேராசிரியர், "அந்தப் பக்கமென்றால் மாயன் மொழிதானே?" என்றார். இல்லை ஐயா, விவசாயச் சொற்களை மாயனிலிருந்து கடன் வாங்கியிருக்கிறது, ஆனால் உறவில்லை என்றேன். மதிப்பெண் குறைந்தது. அதைக்கூட விடுங்கள், பேசியவனிடமே சமோசாவுக்கு நூறு ரூபாய் வசூலித்தார்கள். சும்மா உட்கார்ந்து கேட்டவர்களுக்கு இலவசம்!

நான் நிபுணன் இல்லை, குவாத்தமாலாவை வரைபடத்தில்தான் பார்த்திருக்கிறேன். 'முதலில் தமிழைப் படி' என்று எழுத வருபவர்களுக்கு: நான் பி.ஏ. படித்தது தமிழ்தான்.

சரி, பிரயோஜனம். மொழிதான் போனது, மக்கள் போகவில்லை. 2018 கணக்கெடுப்பில் 2,64,000-க்கும் மேற்பட்டோர் தங்களை ஷிங்கா என்று பதிவு செய்தார்கள். அவர்களில் சிலர் அந்த மொழியை மறுபடி கற்கிறார்கள். வீட்டில் திருத்த பாட்டி இல்லை. எந்த இடத்தில் தொண்டையை அடைக்க வேண்டும் என்பது கேம்பலும் காஃப்மனும் பதிவு செய்த அந்தக் குறிப்புகளில்தான் இருக்கிறது.

நீங்களும் பழகுவதாக இருந்தால் 'க்'-கில் ஆரம்பியுங்கள். வீட்டில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து.