திறமூல மென்பொருளைப் பராமரிப்பவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது? கேள்வி பதில்

கேள்வி: எனக்கு நிரல் எழுதத் தெரியாது. தினமும் பயன்படுத்தும் திறமூல (மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) மென்பொருளை உருவாக்கியவருக்கு நன்றி சொல்லி மின்னஞ்சல் அனுப்பினால் தொந்தரவாக நினைப்பாரா?

பதில்: நினைக்கமாட்டார், தயங்காமல் எழுதுங்கள். மென்பொருள் ஒழுங்காக ஓடும்வரை யாரும் எழுதுவதில்லை. எது உடைந்தது என்று சொல்லும் கடிதங்களே அவருக்குக் குவிகின்றன. ‘அருமை’ என்பதோடு நிறுத்தாமல், எந்த வேலைக்குக் கைகொடுத்தது என்று சொல்லுங்கள். “பழைய குடும்பப் படங்களை உங்கள் மென்பொருளால்தான் தேதிவாரியாக அடுக்கினேன். கோப்புப் பெயர்களை மொத்தமாக மாற்றும் வசதி பெரிய உதவி. பதில் எழுத வேண்டியதில்லை.” இவ்வளவு போதும். எந்த வசதியில் கைவைக்கக் கூடாது என்பதும் அவருக்குப் புரியும். ஆனால் அதே கடிதத்தில் புது வசதி எதையும் கேட்காதீர்கள்.

கேள்வி: வழுப் பதிவின் (பிழையைத் தெரிவிக்கும் பதிவின்) கீழ் ‘நன்றி’, ‘எனக்கும் இதே பிரச்சினை’ என்று எழுதலாமா?

பதில்: வேண்டாம். அதைப் பின்தொடரும் அத்தனை பேருக்கும் அறிவிப்பு போகும். கட்டைவிரல் குறி போதும்.

கேள்வி: எங்கள் நிறுவனம் ஏராளமான திறமூல நூலகங்களை, அதாவது பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்புகளை, பயன்படுத்துகிறது. பணம் கொடுக்கச் சொன்னால், ‘இலவசம்தானே’ என்கிறார்கள்.

பதில்: இணையத்தில் போகும் தகவலை மறைகுறியாக்கிக் காக்கும் ஓபன்எஸ்எஸ்எல் நூலகத்தின் கதையைச் சொல்லுங்கள். இணையத்தின் பெரும்பகுதி அதை நம்பியிருந்தது. ஆனாலும் 2014இல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிப்படும்வரை அதற்கு நன்கொடையாக வந்தது ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர்தான். முழுநேரமாக உழைத்தவர் ஒரே ஒருவர். ஓட்டை தெரிந்த பிறகுதான் பெரிய நிறுவனங்கள் நிதி திரட்டின. அந்தத் தாமதம் எனக்கு இன்றும் ஆற்றாமைதான். எந்த நூலகம் நின்றால் உங்கள் தயாரிப்பும் நிற்கும் என்று பட்டியலிட்டு, அதோடு மேலாளரிடம் போங்கள். கிட்ஹப் ஸ்பான்சர்ஸ், ஓபன் கலெக்டிவ் போன்ற நன்கொடைத் தளங்கள் வழியாகச் செலுத்தலாம். சிறு தொகையானாலும் மாதந்தோறும் தவறாமல் வந்தால், அதை நம்பி அவர் திட்டமிட முடியும்.

கேள்வி: நான் அனுப்பிய நிரல் திருத்தத்துக்கு மாதக்கணக்கில் பதில் இல்லை. கடுமையாகக் கேட்கலாமா?

பதில்: பணிவாக ஒருமுறை நினைவூட்டுங்கள், நெருக்காதீர்கள். எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளைத் தனியாளாகப் பராமரித்தவரை 2022இல் சில கணக்குகள் ‘ஏன் இவ்வளவு தாமதம், வேறொருவரிடம் கொடுங்கள்’ என்று துளைத்தெடுத்தன. தமக்கு மனநலச் சிக்கல் இருப்பதையும், சம்பளமின்றிச் செய்யும் வேலை இது என்பதையும் அவர் வெளிப்படையாகவே சொன்னார். கடைசியில், உதவ முன்வந்த ஒருவரிடம் பொறுப்பைப் பகிர்ந்தார். அவருடைய கணக்கிலிருந்துதான் பின்கதவு, அதாவது பிறர் கணினிக்குள் திருட்டுத்தனமாகப் புகும் வழி, அந்த மென்பொருளில் நுழைக்கப்பட்டது. எஸ்எஸ்எச் வழியாகத் தொலைக் கணினியில் உள்நுழைவது அரை வினாடி தாமதமாவதைக் கவனித்துத் துருவிய மென்பொருள் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் 2024 மார்ச்சில் அதைக் கண்டுபிடித்தார். களைத்துப்போனவரை விரட்டுவதில் இப்படியொரு ஆபத்தும் இருக்கிறது.

காத்திருக்கும் நேரத்தில் அவர் சுமையைக் கொஞ்சம் இறக்குங்கள். பிறர் பதிந்த வழு ஒன்றை உங்கள் கணினியில் ஓட்டிப் பார்த்து, எந்தப் பதிப்பில், எந்த இயங்குதளத்தில் வருகிறது, எதில் வரவில்லை என்று குறித்துவையுங்கள். அதைத் திருத்த உட்காரும்போது அவருக்குப் பாதி வேலை மிச்சமாகும்.