சிறப்புத் தேவை உள்ள பிள்ளைய மத்த பிள்ளைங்களோட ஒரே வகுப்புல வச்சு எப்படிப் பாடம் நடத்துறது?

நான் அரசு தொடக்கப்பள்ளி டீச்சர், மூணாம் வகுப்பு. எங்கிட்ட ஒரு பையன் படிச்சான், வாயத் திறந்தா கதை கதையா சொல்வான், நோட்டத் திறந்தா அழுகைதான். படிக்காம ஏமாத்துறான்னு ரெண்டு மாசம் நானே திட்டிருக்கேன், அது இன்னிக்கும் மனசுல உறுத்துது.

வட்டாரத்துப் பள்ளிகளுக்கு உதவுற அரசு அலுவலகமான வட்டார வள மையத்துல இருந்து சிறப்பாசிரியர் வந்தப்போ ரெண்டு பேரும் அவன் பக்கத்துல உக்காந்து பாத்தோம். 'கொக்கு' எழுதச் சொன்னா முதல்ல க, அப்புறம் துணைக்கால், அதுக்கப்புறம் திரும்பி வந்து கொம்ப முன்னாடி நுழைக்கப் பாக்குறான், அங்க இடமே இல்ல, அழிச்சு அழிச்சு பேப்பரே கிழிஞ்சிருச்சு. "டீச்சர், அவன் காதுல கேக்குற வரிசையில எழுதுறான்"ன்னாங்க அவங்க. உண்மைதானே, க் சத்தம் முதல்ல, ஒ பின்னாடி, ஆனா நம்ம எழுத்துல கொம்பு முன்னாடியே வந்து நிக்குது.

அப்புறம் பழைய காலண்டர் அட்டைய வெட்டி கொம்பு சிவப்புல, கால் பச்சையில, எழுத்து கருப்புல செஞ்சோம், அடுக்கிப் பாத்து வாசிச்சிட்டு அப்புறம் எழுதணும். அத அவனுக்கு மட்டும் குடுக்காம நாலு நாலு பேரா வகுப்புக்கே குடுத்தேன், இல்லன்னா அவன் தனியா தெரிவான். கெ, கே குழப்பிக்கிட்டு இருந்த இன்னும் மூணு பேருக்கும் அதுல தெளிஞ்சிருச்சு! திடீர்னு எழுப்பி வாசிக்கச் சொல்றத விட்டேன், நாளைக்கு இந்த ரெண்டு வரி உனக்குன்னு முந்தின நாளே சொல்லிருவேன். போர்டுல இருக்கறதெல்லாம் காப்பி பண்ணச் சொல்றதில்ல, அறிவியல் கேள்விக்கு வாயால பதில் சொன்னா அதுக்கே மார்க். முப்பது பிள்ளைக்கு ஒரே டீச்சரா இருக்கறப்போ தினமும் இதெல்லாம் முடியாதுதான், முடிஞ்ச நாள்ல விடாம செய்ங்க.

பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு இருக்குன்னு மருத்துவச் சர்டிபிகேட் வாங்கப் பெத்தவங்க தயங்குறாங்க, பிள்ளை மேல முத்திரை குத்திருவாங்கன்னு பயம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல இருக்கற 21 வகைக் குறைபாடுகள்ல, டிஸ்லெக்சியா (வாசிக்க, எழுதச் சிரமப்படுறது) மாதிரி கற்றல் குறைபாடும் உண்டு. நம்ம தமிழ்நாட்டுல பத்தாம் வகுப்பு பொதுத்தேர்வுல கூடுதலா ஒரு மணி நேரம், சொல்றத எழுத ஒரு ஆள், ஒரு மொழிப்பாட விலக்குன்னு சலுகைகள் இருக்கு, மருத்துவச் சான்றோட பள்ளி மூலமா முன்கூட்டியே கேக்கணும். ஹால் டிக்கெட் வந்தப்புறம் ஓடி வர்றவங்கள பாத்து வயிறு எரிஞ்சிருக்கு, தயவுசெஞ்சு ஒன்பதாம் வகுப்புலயே ஆரம்பிச்சிருங்க.